வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போட்ட கயிறு

புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் தான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது.

என் தம்பி காளிதாசன். சுங்கை லாலாங் முதல் கோலா கெத்தில் வரை, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோப்புகளுக்கு வெளிநாட்டு ஆட்களை இறக்கும் குத்தகைக்காரன். அவன் மனைவி பிரேமாவதி. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இருளப்பன். அவன் கூட்டி வந்த முப்பது ஆண்கள். முப்பது பெயர்களும் என்னிடம் இருக்கின்றன, இங்கே இடம் போதாது. கோயில் பூசாரியின் மனைவி உமாராணி. பீடோங்கில் நாசி கண்டார் சோற்றுக் கடை நடத்தும் சம்சியா. கடைசியாக நான், நடராஜா. காலஞ்சென்ற சின்னையாவின் மூத்த மகன். போலீஸ் துப்பறியும் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து சார்ஜனாக ஓய்வு பெற்றவன்.

எல்லோர் வாயிலும் இருந்த ஒருவன் மட்டும் அங்கே இல்லை. மிஜான். பங்களாதேஷ்காரன். வயது இருபத்தாறு. காளிதாசனின் ஆட்களில் ஒருவன், செம்பனைக் குலை வெட்டுபவன்.

தம்பி எழுந்து நின்று நடந்ததைச் சொன்னான். நேற்று நடுப்பகல் அவன் கோலா கெத்திலுக்குப் போயிருந்தான். பிரேமா வீட்டில் தனியாக இருந்தாள். மிஜான் பின்வாசல் வழியாக வந்து அவள் கழுத்திலிருந்த தாலிக்கொடியை அறுத்தான். அறைக்குள் போய் அலமாரியை உடைத்து, இருந்த நகைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு தோப்புக்குள் ஓடிவிட்டான்.

பிரேமா கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு, இரண்டு முனைகளையும் நெஞ்சுக்கு மேல் இறுக்கிப் பிடித்தபடி தூணோரம் உட்கார்ந்திருந்தாள்.

"இவனுங்க வந்ததுக்கு அப்புறந்தான் சார்ஜன் ஐயா, இந்தத் தோட்டமே நாசமாப் போச்சு" என்றான் இருளப்பன். "நம்ம பையனுங்களுக்கு வேல இல்ல. பொம்பளப் புள்ளைங்க கடைக்கு நடந்து போவ முடியல. டெங்கிக் காச்சலு கூட அவனுங்க தங்கற கொங்சியிலேருந்துதான் கெளம்புது."

"போன மாசம் கோயில் கூர ஒழுகுச்சே மண்டோரே, அதையும் சேத்துக்குங்க" என்றார் சம்சியா. "மழையையும் அவனுங்கதான் பையில போட்டுக் கொண்டாந்திருப்பானுங்க."

பின்னால் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"நீங்க பேசுவீங்கக்கா. உங்க கடையில சாப்புடறவனே பாதி அவனுங்கதானே!" இருளப்பனின் குரல் ஏறியது. "பேப்பர் இல்லாத கோசோங்குப் பயலுக்கு இந்த நாட்டுல என்னா வேல?"

இருளப்பன் இதே தோட்டத்தில் பிறந்து அறுபத்தொரு ஆண்டுகள் ஆகின்றன. பிறப்பைப் பதிய யாரும் அன்று மெனக்கெடவில்லை. இன்றுவரை அவனுடைய அடையாள அட்டை சிவப்பு, குடியுரிமை இல்லாதவர்களுக்கான நிறம். நீல அட்டைக்கு நான்கு முறை மனுப் போட்டான். நான்கையும் நிரப்பிக் கொடுத்தவன் நான். அதை நான் அங்கே சொல்லவில்லை. ஒருவனுடைய குறையைச் சபையில் எடுப்பது எங்கள் குடும்பத்துப் பழக்கம் அல்ல.

"ரிப்போட் போட்டாச்சா?" என்று தம்பியைக் கேட்டேன்.

"எதுக்குண்ணே போலிஸு? நம்ம ஊட்டுப் பொம்பள கழுத்துல கை வச்சிருக்கான். ஸ்டேசனுக்குப் போனா எங்க தொட்டான், எப்படித் தொட்டான்னு கேப்பானுங்க. அப்பா பேரு என்னா ஆவறது? அதான் நீங்க இருக்கீங்கல்ல."

அப்பா பேர் என்று அவன் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தச் சொல் என்னை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும்.

"நாலு மணிக்குத் தோப்புல எறங்குறோம்" என்றான் இருளப்பன். "ஆளுக்கு ஒரு பிளாக்கு. கெடச்சான்னா…"

அவன் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. கோயிலுக்குள் கத்தி கொண்டு வரக் கூடாது என்பதால் முப்பது பேரும் வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். மண்டப வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்திலேயே, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்றாக, முப்பது பாராங் கத்திகள் வரிசையாகக் கிடந்தன.

"நாலு மணி வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது. இது என் வீட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

சம்சியா என்னோடு வேலை பார்த்த அலியின் மனைவி. அலி இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எனக்குக் கண்புரை வந்த பிறகு, என்னைத் தேடி வருகிற வழக்குகளுக்கெல்லாம் சம்சியாவின் பழைய கஞ்சில் கார்தான் வண்டி. அதில் எப்போதும் மீன் குழம்பு வாசனை.

"உங்களுக்குக் கண்ணு தெரியாது. எனக்கு வாயி நிக்காது" என்றபடி கியரைத் தள்ளினார். "ரெண்டையும் சேத்தா ஒரு முழு போலிஸ்காரன் தேறுவான், லா."

தம்பி வீட்டுக்குப் போகும் செம்மண் பாதையில், ஆட்கள் தங்கும் கொங்சி இருக்கிறது. பழைய கொள்கலப் பெட்டி இரண்டை ஒட்டவைத்து ஜன்னல் வெட்டிய இடம். பத்துப் பேர் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்குப் போகவில்லை. கார் கடக்கும்போது பத்துத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

"பாத்தீங்களா சார்ஜன் அண்ணே? கூட்டாளி கொள்ளையடிச்சிட்டு ஓடிட்டான். முப்பது பேரு கத்தியோட நிக்கறான். இவனுங்க இந்நேரம் நாலா பக்கமும் செதறியிருக்கணுமா இல்லையா?"

"ஓடவில்லை" என்றேன்.

"எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கானுங்க."

தம்பியும் பிரேமாவும் எங்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தார்கள். சம்சியா பிரேமா இருந்த சமையலறைப் பக்கம் போனார். நான் படுக்கையறைக்குப் போனேன். பச்சை நிற இரும்பு அலமாரி. மேலே நகைகள் வைக்கும் சிறிய பெட்டகம், அதற்குத் தனிச் சாவி. கீழே ஓர் இழுப்பறை, அதற்குத் தனிப் பூட்டு.

மேல் பெட்டகத்தின் கதவு திறந்திருந்தது. சாவித் துவாரத்தைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. கீழ் இழுப்பறையின் பூட்டோ கொக்கியோடு பிய்ந்து தொங்கியது. உளியை வைத்து நெம்பியிருக்கிறார்கள், இரும்பு வாயைப் பிளந்ததுபோல் வளைந்திருந்தது.

திருடன் நகை இருக்கும் மேல் கதவைச் சாவி போட்டு மரியாதையாகத் திறந்திருக்கிறான். கீழ்க் கதவை மட்டும் ஆத்திரமாக உடைத்திருக்கிறான். ஒரே மனிதனுக்கு ஒரே பகலில் இரண்டு குணம்.

"கீழே என்ன வைத்திருந்தாய்?" என்று காளிதாசனைக் கேட்டேன்.

"சும்மா பழைய துணிண்ணே."

இழுப்பறையில் ஒரு நூலிழைகூட இல்லை. மூலையில் ரப்பர் வளையங்கள் சில சிதறிக் கிடந்தன. எண்ணினேன். பதினொன்று. தம்பி அறை வாசலில் நின்று, நான் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். 

வெளியே வந்தபோது சம்சியா காரில் உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்திய பிறகுதான் பேசினார்.

"இந்த வேக்காட்டுல கழுத்துல துண்டு. கழட்டும்மா, காயத்துக்கு மஞ்சப் பத்து போடறேன்னேன். தொடவே விடல. அண்ணே, சங்கிலிய அறுத்து இழுத்தா கோடு எங்க விழும்?"

"பின்கழுத்தில்."

"ஆங். அது முன்பக்கத்தையில்ல பொத்திப் பொத்திப் புடிக்குது." திரும்பி என்னைப் பார்த்தார். "இன்னொண்ணு. நேத்து சாயங்காலமே பூசாரி பொண்டாட்டி மஞ்சக் கயிறு கொண்டாந்துச்சாம். இது வேணான்னு திருப்பி அனுப்பிருச்சு. வெள்ளிக்கெழம நல்ல நாளு, அன்னைக்குக் கட்டிக்கிறேன்னு சொல்லிச்சாம். அது என்னாண்ணே, உங்க ஆளுங்கள்ல வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுக்கலாமா? நான் துலுக்கச்சி, எனக்குத் தெரியாது பாருங்க."



பல ஆண்டுகளுக்கு முன் கோலா மூடா கடற்கரையில் குளித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவியின் தாலிக்கொடி அலையில் நழுவிப் போய்விட்டது. கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு கரையேறியவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாள். மீன் சந்தைக்கு ஓடினேன். மளிகைக் கடையில் ஒரு மஞ்சள் கிழங்கு வாங்கி, கடைக்காரர் சாக்கு மூட்டை கட்டும் சணல் நூலில் அதைக் கோத்து, மீன் செதில்களின் நடுவே நின்று அவள் கழுத்தில் கட்டினேன். அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. புருஷன் உயிரோடு இருக்கிற எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம். நல்ல நாள், நல்ல நேரம் எல்லாம் புதுத் தங்கத்துக்கு. மஞ்சள் கயிற்றுக்கு அந்த நிமிடமே நல்ல நேரம்.

தாலி போய் ஒரு பகலும் ஒரு இரவும் ஆகிவிட்டது. சின்னையா குடும்பத்து மருமகள் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கிறாள்.

"கோயிலுக்குத் திருப்பும்மா" என்றேன்.

உமாராணி மடப்பள்ளியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். கேட்டதும் கை நின்றுவிட்டது.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க சார். கெட்ட பேரு வேணாம்."

"நடந்ததை மட்டும் சொல்லுங்க."

"தட்டுல கயிறு, மஞ்சா, குங்குமம் எல்லாம் வச்சுக் கொண்டு போனேன். மனசு பொறுக்கல, நல்ல கழுத்து வெறுங்கழுத்தா இருக்கேன்னு. கயித்த எடுத்து அது கழுத்துக்கிட்ட கொண்டு போனேன் சார், அவ்ளோதான். நெருப்பத் தொட்ட மாதிரி கையத் தட்டி விட்டுருச்சு. தட்டு கீழ விழுந்து குங்குமம் பூராவும் கொட்டிப் போச்சு." அவர் குரல் தழைந்தது. "எனக்கு நேத்து பூராவும் தூக்கமில்ல. குங்குமம் கொட்டினா நல்லதில்லன்னு சொல்லுவாங்க. யாருக்கு என்னா நடக்கப் போவுதோ."

"அந்தக் கயிறு இருக்கிறதா?"

முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தார். புதுக் கயிறு, ஈரம் காயாத மஞ்சள் கிழங்கு. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வாசலில் இறங்கும்போது மணி இரண்டே கால். அதற்குள்ளாகவே ஐந்தாறு பேர் வந்து, பாராங்கைச் சாணைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சத்தத்தக் கேட்டீங்களா?" என்றார் சம்சியா. "குலை வெட்ற கத்திக்கு இவ்ளோ கூரு எதுக்கு?" அவர் சிரிக்கவில்லை.

மறுபடியும் தம்பியின் வீடு. இருவரையும் சமையலறையில் நிற்க வைத்தேன். கயிற்றை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"காளி, உன் பெண்டாட்டிக்கு இதைக் கட்டு."

"இப்பவா?"

"இப்பவே. எங்கள் வீட்டு மருமகள் வெறுங்கழுத்தோடு இருந்தால் நான் பார்த்துக்கொண்டு போக முடியாது."

"சரி, குடுங்க. இதுல என்னா இருக்கு" என்று அவன் அலட்சியமாகக் கயிற்றை எடுத்தான்.

பிரேமா பின்னால் நகர்ந்து குளிர்சாதனப் பெட்டியில் முதுகை ஒட்டிக்கொண்டாள். "வேணாங்க. வெள்ளிக்கெழம."

"அண்ணன்தான் சொல்றாருல்ல, காட்டு" என்று அவன் கயிற்றை அவள் தலைக்கு மேல் கொண்டு போனான்.

அவள் போட்ட கூச்சலில் வெளியே கோழிகள் பறந்தன.

"வேணாம்! இருக்கும்போதே இன்னொண்ணு கட்டினா, இது போனதா ஆயிரும்! உங்களுக்கு ஏதாச்சும் ஆயிரும்!"

துண்டு நழுவித் தரையில் விழுந்தது. கழுத்தில் காயம் இல்லை, கோடு இல்லை. ரவிக்கைக்குள் ஊக்குப் போட்டு மறைத்திருந்த தாலிக்கொடியை அவளே வெளியே இழுத்து, இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு அழுதாள்.

"எல்லா நகையையும் கழட்டி அரிசிப் பானையில போட்டுட்டேன் மாமா. இவரு இதையும் கழட்டச் சொன்னாரு. என்னால முடியல. வாயால சொல்லிட்டேன், பொய்யி. கழுத்தால சொல்ல முடியல."

தம்பி கையில் கயிற்றோடு அப்படியே நின்றான்.

"உட்கார்" என்றேன். உட்கார்ந்தான். "கீழ் இழுப்பறையில் பதினொரு ரப்பர் வளையம். கொங்சியில் பத்துப் பேர், மிஜானோடு பதினொன்று. நகைக்கு யாரும் ரப்பர் போட்டுக் கட்டுவதில்லை. புத்தகத்துக்குப் போடுவார்கள். பாஸ்போர்ட்."

"எல்லாக் குத்தகைக்காரனும்தாண்ணே புடுங்கி வச்சிருக்கான். கையில குடுத்தா மறுநாளே ஓடிருவானுங்க."

"பெர்மிட்?"

அவன் தரையைப் பார்த்தான். "போன வருசமே முடிஞ்சிருச்சு. நான் புதுப்பிக்கல. ஆச்சுன்னு அவனுங்ககிட்ட சொல்லி வச்சிருந்தேன்."

ஆக, அந்தப் பதினொரு பேரும் கோசோங்காக இந்த நாட்டுக்குள் வரவில்லை. விமானத்தில், முத்திரையோடு, நேர்வழியில் வந்தார்கள். எங்கள் வீட்டு அலமாரியின் கீழ் இழுப்பறையில்தான் கோசோங்கு ஆனார்கள்.

"மிஜானுக்கு ஆத்தா சாவக் கெடக்குது. ஊருக்குப் போவணும், புக்கக் குடுங்கன்னு நாலு வாரமா வாசல்ல நின்னான். குடுத்தா பெர்மிட்டு முடிஞ்சது தெரிஞ்சிரும். இல்லன்னேன். நேத்து ஒடச்சு எடுத்துட்டான், எல்லாத்தோடதையும். பாஸ்போட்டக் காணோம்னு நான் ரிப்போட் போட முடியுமா? அடுத்தவன் பாஸ்போட்ட வச்சிருந்ததுக்கு நாந்தான் உள்ள போவணும். அதான் நகைன்னு…"

"முப்பது பேரைக் கத்தியோடு இறக்கியது?"

"அவனுங்களா வந்தானுங்கண்ணே!" முதல் முறையாக அவன் கண்ணில் பயம் தெரிந்தது. "நான் நகைன்னு மட்டுந்தான் சொன்னேன். மிச்சத்த எல்லாம் அவனுங்களே சேத்துக்கிட்டானுங்க. இப்ப நானே போயி நிறுத்துன்னாலும் நிக்க மாட்டானுங்க."

"வேறு ஏதாவது இருக்கிறதா?"

அவன் கையிலிருந்த கயிற்றை மேசை மேல் வைத்தான். "இமிகிரேசனுக்கு போன் பண்ணிட்டேன். அஞ்சு மணிக்குக் கொங்சிக்கு வருவாங்க. பத்துப் பேரும் போயிட்டா கேக்கறதுக்கு ஆளு இல்ல பாருங்க."

மணி மூன்று ஐந்து.

நான் வெளியே வந்து காரில் கையை ஊன்றி நின்றேன். எங்கள் குடும்பத்தில் ஒருவரும் குற்றவாளியாகப் போலீஸ் நிலையப் படி ஏறியதில்லை. அந்தப் படியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் நான் ஏறியது வேறு விதமாக.

"கொங்சியில சொல்லி அனுப்பிருவோமாண்ணே, ஓடிப் போங்கடான்னு?" என்றார் சம்சியா.

"ஓடினால் தோப்புக்குள்தான் ஓட வேண்டும். அங்கே யார் காத்திருக்கிறார்கள்? முதலில் அவர்களைக் கலைக்க வேண்டும். அதற்கு முன்னால் மிஜானைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் எங்கே போய்த் தேடுவது?"

"தேட வேணாம்ணே."

திரும்பிப் பார்த்தேன்.

"எங்கடையிலதான் இருக்கான். அரிசி மூட்ட அடுக்குற ரூம்புல. நேத்து ஒரு மணிக்குப் பின்கதவத் தட்டினான். கையில பிளாஸ்டிக் பை. பதினொரு புக்கும் அதுல இருக்கு. அவன் புக்க மட்டும் எடுத்துக்கிட்டு ராவோட ராவா போயிருக்கலாம். மத்தவனுங்களுக்குக் குடுக்காமப் போவ மாட்டேன்னு ஒக்காந்துட்டான்."

"நேற்றிலிருந்து உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"காலையிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டினாய்."

"ஓட்டினேன். சொல்லியிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க? அது உங்க தம்பிண்ணே. அப்பா பேருன்னு ஒரு வார்த்த சொன்னான், நீங்க எப்படி நிமிந்தீங்கன்னு நான் பாத்தேன்ல." அவர் குரலில் கேலி இல்லை. "நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்கன்னு எனக்குத் தெரியல. அதான் கயித்தப் பத்திக் கேட்டேன். உங்க ஊட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் மொத வரிசையில ஒக்காந்தவ நான். தாலிக் கயிறு எனக்குத் தெரியாதா? நீங்களாப் போறீங்களா, இல்ல பாதியில திரும்பறீங்களான்னு பாத்தேன்."

என் முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் நான் எத்தனையோ பேரைச் சோதித்திருக்கிறேன். என்னை யாரும் சோதித்ததில்லை. கோபம் வந்தது.  "தம்பியை அழைத்துக்கொண்டு வருகிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்தில் நின்றேன். முப்பது பேரும் இருந்தார்கள். இந்த முறை கத்திகள் செருப்புகளுக்குப் பக்கத்தில் இல்லை, கையில் இருந்தன.

"நகை எதுவும் காணாமல் போகவில்லை" என்றேன். "தாலி என் தம்பி மனைவியின் கழுத்தில் இருக்கிறது. மிஜான் எடுத்தது அவனுடைய பாஸ்போர்ட்டும் அவனுடைய ஆட்களின் பாஸ்போர்ட்டும். அவற்றைப் பூட்டி வைத்திருந்தவன் என் தம்பி. பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்டவனும் என் தம்பி. உங்களிடம் பொய் சொன்னவனும் அவன்தான். இதோ நிற்கிறான்."

காளிதாசன் தலை நிமிரவில்லை.  யாராவது வெட்கப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"சரி சார்ஜன் ஐயா" என்றான் இருளப்பன் நிதானமாக. "திருடல. அதனால என்னா? அவன் கோசோங்குதானே?"

பல பேர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோதுதான், நாள் முழுவதும் நான் தேடிய உண்மைக்கு இங்கே வேலையே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. நான் இருளப்பனையே பார்த்தபடி நின்றேன்.  அவன் கை தானாகவே போய்ச் சட்டைப் பையைத் தொட்டது, அடையாள அட்டை இருக்கும் பையை. பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"போங்கடா, ஊட்டுக்குப் போங்க" என்றான் கடைசியில்.

கலைந்தார்கள். ஏழெட்டுப் பேர் மட்டும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் தோப்போரப் பாலத்தில் போய் உட்கார்ந்தார்கள். கத்தியை மடியில் வைத்திருந்தார்கள். கொங்சிக்காரர்கள் இனி ஓடவும் வழி இல்லை.

பீடோங்கில் சம்சியாவின் கடைப் பின்வாசலிலிருந்து மிஜானை ஏற்றினோம். ஒல்லியான ஆள். பிளாஸ்டிக் பையை வயிற்றோடு கட்டிப்பிடித்திருந்தான். முன்சீட்டில் காளிதாசன் இருப்பதைப் பார்த்ததும் காலை எடுத்து வைக்கத் தயங்கினான். நான் பின்சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"அங்கிள், தங்கம் எடுக்கல" என்றான். "புக்கு மட்டும்."

"தெரியும்" என்றேன். "ஸ்டேசன்ல அதையே சொல்லு. உன்னை விடமாட்டார்கள், உனக்கு பெர்மிட் இல்லை. ஆனால் திருடன் என்று எழுத மாட்டார்கள். வக்கீல் வருவார். அந்த அளவுதான் என்னால் முடியும்."

அவன் எவ்வளவு புரிந்துகொண்டானோ தெரியாது. தலையாட்டினான்.

சுங்கை பட்டாணிச் சாலையில் ஏறியதும், எதிரே இரண்டு லாரிகள் வந்தன. பின்பக்கம் கம்பி வலை அடித்த லாரிகள். காலியாக வந்தன. எங்களைக் கடந்து சுங்கை லாலாங் பக்கம் திரும்பின. மணி நான்கு முப்பத்தைந்து. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். மிஜான் கழுத்தைத் திருப்பி, கடைசி வளைவு வரை அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தான். பத்துப் பேருடைய பாஸ்போர்ட்டுகளும் அவன் மடியில் இருந்தன.



நிலையத்தில் என்னை அறிந்தவர்கள் யாரும் இல்லை. இளம் அதிகாரி ஒருவர் இருந்தார். பதினொரு பாஸ்போர்ட்டுகளையும் அவர் மேசையில் அடுக்கி வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, "குற்றம் சாட்டப்படுபவர் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மலாயில் கேட்டார்.

"உடன்பிறந்த தம்பி."

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். 

கொங்சியில் இருந்த பத்துப் பேரையும் அன்று மாலையே கொண்டு போய்விட்டார்கள். மிஜானையும் அவர்களையும் ஒரே தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள். அவன் தாயார் சனிக்கிழமை இறந்துபோனதாகச் செய்தி வந்தது. வக்கீல் போய்ச் சொல்லியிருக்கிறார்.

பீடோங்கிலும் குருணிலும் இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. சின்னையா குடும்பத்து வீட்டில் பங்களாதேஷ்காரர்கள் கொள்ளையடித்தார்களாம். பெரியவர் நடராஜா ஒரே பகலில் துப்பறிந்து, பதினொரு பேரையும் பிடித்துக் கொடுத்தாராம். சந்தையில் இரண்டு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டும் போனார்கள்.

அது தவறு. கொள்ளை எதுவும் நடக்கவில்லை. நான் பிடித்துக் கொடுத்தது ஒருவனை. அவன் பெயர் காளிதாசன். சின்னையாவின் இளைய மகன்.